யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை

ஆங்கிலத்தில் எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'பாஸ்'. அந்த மொழியின் கெட்ட வார்த்தைகளைக்கூட மன்னித்துவிடுவேன். திட்டினால் திட்டியது, அத்தோடு முடிந்தது. இந்தப் பாஸ் அப்படியில்லை. பரீட்சையில் தேறினால் பாஸ். பஸ்ஸில் கண்டக்டருக்குக் காட்டுகிற அட்டையும் பாஸ். பந்தை அடுத்தவன் காலுக்குத் தள்ளினாலும் பாஸ். வினாடி வினாவில் பதில் தெரியாமல் திருதிருவென்று முழிப்பவனும் 'பாஸ்' என்றுதான் சொல்கிறான். தேறினவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே வார்த்தையைக் கொடுத்த மொழியை எப்படி நம்புவது?

நான் சரிக்கேய் படகுத்துறைக்கு எதிரே மோட்டார் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன். ஸ்பானர் மேல் என்ன எண் போட்டிருக்கிறதோ அந்த எண் நட்டுக்குத்தான் அது பொருந்தும். பொருந்தாததைப் பொருத்தினால் நட்டு வழுக்கிவிடும், விரல் முட்டி பெயர்ந்துவிடும். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்தவள் ஆங்கில டீச்சர். சபீனா. ஊரில் பாதிப் பேருக்கு அவள் டீச்சர். எனக்கு மட்டும் இந்தாய் மாயாங், அதாவது மாயாங்கின் அம்மா. அவளுக்கு நான் அப்பாய் மாயாங். மாயாங் இப்போது கூச்சிங்கில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

அவள் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'பாஸ் அப்' வரும் என்று எண்ண ஆரம்பித்தால் தூக்கம் வந்துவிடும். எழுதி முடித்ததை டீச்சரிடம் கொடுப்பதற்குப் பெயர் பாஸ் அப். எங்கள் ஊரில் மட்டுமில்லை, இந்த நாடு முழுக்க அப்படித்தான். நானும் பள்ளிக்கூடத்தில் பாஸ் அப் பண்ணாமல் வெயிலில் நின்றவன்தான். "கட்டுரையை பாஸ் அப் பண்ணு", "சுற்றுலாவுக்கு அப்பா கையெழுத்தை பாஸ் அப் பண்ணு" என்று பகலெல்லாம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட தட்டை நான் அங்கேயே விட்டுவிட்டு எழும்போது, "தட்டை யாரு பாஸ் அப் பண்றது?" என்பாள்.

யார்க்ஷயர் பக்கம் ஒரு கல்லூரி. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைக் கூப்பிட்டு ஒரு வருடம் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. எங்கள் நாட்டுக்கு ஒரே ஒரு இடம். நாற்பத்தைந்து வயது முடிந்தால் விண்ணப்பிக்கக்கூட முடியாது. சபீனாவுக்கு வரும் மார்ச்சில் நாற்பத்தைந்து முடிகிறது. முன்பெல்லாம் விண்ணப்பித்து விண்ணப்பித்துத் தட்டிப்போய், இந்தக் கடைசி வருடத்தில்தான் அவள் பெயர் வந்தது. அன்றைக்கு அவள் சமையலறையில் நின்று வெறும் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. நான் சொன்ன பிறகுதான் அடுப்பை அணைத்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது இது ஒன்றுதான். அதனால் எனக்கும் அது வேண்டியிருந்தது.

அந்த வாரமே கல்லூரியிலிருந்து போன் வந்தது. சாயங்காலம். அங்கே அப்போதுதான் காலை வேளை. பேசியது மிஸஸ் ஆக்ராய்ட் என்ற அம்மாள், சேர்க்கைப் பொறுப்பு அவளுடையது. நான் பின்வாசலில் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். சபீனா போனின் சத்தத்தைக் கூட்டிவைத்து, பள்ளி விழாவில் பேசுகிற மாதிரி நிமிர்ந்து நின்று பேசினாள்.

"நாங்க கூப்பிட்டிருந்தோமே, அதைப் பத்தி யோசிச்சீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"யோசிச்சாச்சு மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ் அப் பண்ணிடுறேன்" என்றாள் இவள். அனுப்பச் சொல்லியிருந்த சம்மதக் காகிதத்தைத்தான் சொன்னாள்.

அந்த அம்மாள் திரும்பக் கேட்டாள். "நிச்சயமாத்தானா?"

"நிச்சயமா! வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். அவருக்கும் ரொம்ப சந்தோஷம்."

"ஓ… சரிங்க. எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். ஆனா புரியுது. உங்களுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும்."

"ரொம்ப நன்றி மேடம்!"

போனை வைத்துவிட்டு ஓடி வந்து, மண்ணெண்ணெய்க் கையோடு இருந்த என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எவ்வளவு தன்மையா பேசறாங்க தெரியுமா? நல்லபடியா நடக்கணும்னு வாழ்த்தினாங்க."

"வருத்தம்னு ஏதோ சொன்னாளே?"

"நான் வீட்டை விட்டு ஒரு வருஷம் பிரிஞ்சி வரணுமில்ல, அதுக்காக வருத்தப்படறாங்க."

நல்ல பெண்மணி என்று நானும் நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சொன்ன சொல் தவறாமல் எல்லாக் காகிதங்களையும் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினாள். அடுத்த நாளே அவள் தம்பி கிளெமெண்ட், பக்கத்து ஊரான சிபுவுக்கு வேன் ஓட்டுகிறவன், அங்கேயிருந்து ஒரு கம்பளி ஸ்வெட்டரோடு வந்து நின்றான். முழங்காலைத் தொட்டது. "அக்கா, அங்க ஆளுங்க உயரம்கா. நீ போய் இருந்தா நீயும் வளந்துடுவே" என்றான்.

அடுத்த வாரம் சபீனா விளையாட்டுப் பயிற்சி முடிந்து வேர்த்து வழிய வீட்டுக்கு வந்தபோது, வீட்டில் விட்டுப்போன போனில் ஒரு குரல் செய்தி காத்திருந்தது. கிளெமெண்ட் வந்திருந்தான். பக்கத்து வீட்டு தியோங் ஆன்ட்டி எங்கள் தோட்டத்து அன்னாசிப்பழம் வாங்க வந்து அன்னாசியை மறந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று சபீனா சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

ஆக்ராய்ட் அம்மாளின் குரல். இரைச்சலுக்கு நடுவில் தன்மையாக ஏதோ சொன்னாள். காகிதம் என்றாள், குழப்பம் என்றாள், 'பாஸ்ட் ஆன்' என்றாள்.

"பாஸ்ட்!" என்று குதித்தான் கிளெமெண்ட். "கேட்டீங்கல்ல? பாஸ்டுன்னாங்க! அக்கா பாஸு! மச்சான், நான் போய் விருந்துக்கு வாத்து வாங்கிட்டு வர்றேன்."

"உக்காருடா" என்றாள் தியோங் ஆன்ட்டி. மெதடிஸ்ட் சர்ச் செய்திமடலை அச்சுக்குத் தயார் செய்வது அவள்தான். "பாஸ்ட் ஆன்னா செத்துப்போறது. மாசாமாசம் கடைசிப் பக்கத்துல நான்தானே போடறேன். இன்னார் பாஸ்ட் ஆன், இன்னார் பாஸ்ட் ஆன்னு."

"யாரு செத்தாங்க?"

"அதைத்தான் கேக்கணும்."

"அந்தம்மாவே செத்து அந்தம்மாவே போன் பண்ணுவாங்களா ஆன்ட்டி?"

"வாயை மூடு. வெள்ளைக்காரங்க வீட்டுத் துக்கத்துல இப்படியா குதிப்பே?"

நான் கிளெமெண்ட் பக்கம். பரீட்சை, தேர்வு என்று வந்தால் பாஸ் என்றால் தேறியது, இதில் என்ன சந்தேகம்? சட்டைப்பையில் கைவிட்டு வாத்துக்குப் பணம்கூட எடுத்துவிட்டேன். சபீனா எங்களைக் கவனிக்கவில்லை. போனைக் காதோடு வைத்து மறுபடி கேட்டாள். அதற்கும் பிறகு இன்னொரு தடவை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரும் சாகலை" என்றாள். "என் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. அதான் பாஸ்ட் ஆன். கைமாத்தி விடறது."

"எதுக்கு? காகிதமெல்லாம் நேரத்துக்குப் போச்சே!"

"நாந்தான் வேண்டாம்னு சொன்னேனாம். நான் பாஸ் அப் பண்ணிட்டேனாம். வேண்டாம்னு சொல்லிட்டு ஏன் காகிதம் அனுப்பினீங்கன்னு கேக்கறாங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாஸ் அப் பண்ணியதால்தானே காகிதம் போனது? அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தக் கனத்த அகராதியை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசைமேல் போட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கே பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருந்தது. விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள். மலைக்கு நடுவே போகிற கணவாய் பாஸ். மயங்கி விழுந்தால் பாஸ் அவுட். ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியே வந்தாலும் அதே பாஸ் அவுட்.

"கவாய் அறுவடைத் திருநாள்ல குடிச்சிட்டு நான் பண்ணது எது?" என்றான் கிளெமெண்ட். யாரும் சிரிக்கவில்லை.

ஒருத்தியிடம் பல்லிளித்துக்கொண்டு போனால் அது ஒரு பாஸ். ஒன்றுக்குப் போனாலும் பாஸ் என்று வந்தபோது தியோங் ஆன்ட்டி, "சீ, பள்ளிக்கூடத்து புஸ்தகமா இது?" என்றாள். அதற்கு நான்கைந்து வரி கீழேதான் சபீனாவின் விரல் நின்றது.

பாஸ் அப். கிடைத்த வாய்ப்பை வேண்டாமென்று விட்டுவிடுவது.

நாங்கள் சொல்கிற அர்த்தம் அதில் இல்லவே இல்லை. அச்சுப்பிழையாக இருக்கும் என்று நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வாயால் 'கொடுக்கிறேன்' என்று சொன்னால் அது அங்கே 'விடுகிறேன்' என்று போய் விழுமா? எனக்கு வந்த கோபத்தில் அந்த அகராதியை ஆற்றில் எறிந்திருப்பேன். அது பள்ளிக்கூடத்துச் சொத்து.

"உடனே போன் போடு. தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு சொல்லு" என்றேன்.

"யாரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டா? அவங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. நாந்தான் தப்பாச் சொன்னேன்."

"சரி, அதைச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? ஆங்கில டீச்சருக்கு ஆங்கிலத்துல சரின்னு சொல்லத் தெரியலைன்னா? இங்கிலீஷ் கத்துக்குடுக்க கத்துக்கறேன்னு அவங்ககிட்ட கேட்டுட்டு, முதல் போன்லயே வேண்டாம்னு சொல்லிருக்கேன். அதுக்கு நன்றி வேற சொல்லிருக்கேன்." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "விட்டுடுங்க. நான் பேச மாட்டேன்."

அன்னாசி வாங்காமலே தியோங் ஆன்ட்டி எழுந்துபோனாள். கிளெமெண்டும் போனான். போகும்போது வாசலில் என் காதோடு, "மச்சான், ஸ்வெட்டரைத் திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேக்கட்டா?" என்றான். அவனை முறைத்த முறைப்பில் வேன் தானாகக் கிளம்பியிருக்க வேண்டும்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனாள். கட்டுரை முடித்த பிள்ளைகள் காத்திருக்க, அந்த வார்த்தை வாயில் வரவில்லையாம். கையை மட்டும் நீட்டினாளாம். முதல் வரிசைப் பையன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினானாம். சாயங்காலம் இதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சண்டைக்காரியாகவே பழகிவிட்டவள் இப்படிச் சுருண்டு உட்கார்ந்தால் வீடு வீடாகவா இருக்கும்?

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நானே போனை எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் எஞ்சின் பெட்டி மேல் எழுதியிருக்கிற ஆங்கிலம்தான். வெட்கப்படுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஆக்ராய்ட் அம்மாள் எடுத்தாள். நான் சபீனாவின் புருஷன் என்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"என் பொண்டாட்டி பாஸ் அப் பண்ணலை. பாஸ் அப் பண்ணினா!"

"மன்னிக்கணும், என்ன சொன்னீங்க?"

"உங்க பாஸ் அப் பண்ணலை மேடம். எங்க பாஸ் அப் பண்ணினா. நீங்க அந்த பாஸ் அப்பை இந்த பாஸ் அப்னு…"

"ஐயா, அவங்க பாஸ் அப் பண்ணினாங்களா, பண்ணலையா?"

"பண்ணலை! அதாவது, பண்ணினா!"

ஈரத்தலையோடு ஓடி வந்த சபீனா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை என்பது தெரிந்தது. ஆனால் போன் இப்போது அவள் கையில் இருந்தது. எனக்கு அது போதும்.

"மேடம், மன்னிக்கணும்" என்றாள். ஒரு நிமிடம் உதட்டைக் கடித்தாள். "அன்னிக்கு… லைன் சரியில்லை. நான் சரின்னுதான் சொன்னேன். உங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்கு."

பொய்தான். ஆனால் மானத்தைக் காப்பாற்றுகிற சின்னப் பொய். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் போனின் சத்தத்தைக் கூட்டியே வைத்திருந்ததால் அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்டது.

"அடக் கடவுளே, லைனா!" என்று சிரித்தாள் ஆக்ராய்ட். "உங்க காகிதம் வந்ததும் நானே குழம்பிட்டேன். சரி, உங்களுக்கு நல்ல நேரம். அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன், அவங்களும் வேண்டாம்னுட்டாங்க. அவங்களும் உங்க நாடுதான். பெர்லிஸ்ல ஒரு டீச்சர், ஹஸ்லிண்டா. நீங்க சரின்னா இப்பவே உங்க பேரைப் போட்டுடறேன்."

நான் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். சத்தம் வராமல் குதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. சபீனாவும் சிரித்தாள், கண்ணெல்லாம் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள்.

"மேடம், அவங்க என்ன வார்த்தை சொன்னாங்க?"

"வார்த்தையா? ரொம்ப சந்தோஷமாப் பேசினாங்க. புதன்கிழமைக்குள்ள பாஸ் அப் பண்ணிடறேன்னாங்க. முடிவு பண்ணின பிறகு புதன்கிழமை வரைக்கும் ஏன் தள்ளணும்னு எனக்குப் புரியலை. ஒருவேளை எங்க பாடத்திட்டத்துலதான் ஏதோ குறையோன்னுகூடத் தோணிச்சு."

சபீனா போனின் வாயைக் கையால் மூடினாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. உலகத்தில் அந்த நிமிடம் இது புரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அவ சரின்னு சொல்லிருக்கா" என்றாள் மெதுவாக.

"தெரியும். பேசாம வாங்கிக்கோ."

"என்ன பேசறீங்க?"

"அவ யாரு, எவ? முதல்ல உன்னைத்தானே கூப்பிட்டாங்க? அது உன் இடம். அவளுக்கு என்ன வயசோ, இன்னும் எத்தனை வருஷம் இருக்கோ. உனக்கு இது கடைசி, இந்தாய் மாயாங். கடைசி!"

"அவளும் இப்ப ஸ்வெட்டர் வாங்கிட்டிருப்பா."

"வாங்கட்டும்! நீ என்ன அவ வாயைப் பிடிச்சா சொல்ல வச்சே? நீ பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருந்தாலும் அது பொய்தான்" என்றாள். "நேத்து நான் உக்காந்த மாதிரி அவ உக்காருவா. ஏன்னே தெரியாம."

நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். கையைப் பிசைந்தேன், கும்பிட்டேன்கூட. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பெர்லிஸ் பெண் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் என் மனைவியின் ஆசை முடிந்துபோவதை என் கண்ணால் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"மேடம், லைன் நல்லாத்தான் இருந்துச்சு. என் இங்கிலீஷ்தான் சரியில்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் வகுப்புகளில் கடைசி பெஞ்சிலிருந்து முன் பெஞ்சு வழியாக டீச்சர் மேசைக்குக் காகிதம் கைமாறி வருவதைச் சொன்னாள். அதற்கு நாங்கள் பாஸ் அப் என்கிறோம் என்றாள். இருபது வருடமாகத் தானும் அதைத்தான் சொல்லிக்கொடுத்ததாகவும், நேற்றுத்தான் அகராதியைப் பார்த்ததாகவும் சொன்னாள். குரல் ஓரிடத்தில் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "ஹஸ்லிண்டா வேண்டாம்னு சொல்லலை மேடம். சரின்னு சொல்லிருக்காங்க. புதன்கிழமை அவங்க காகிதம் வரும் பாருங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா" என்றாள் ஆக்ராய்ட், "யாருமே வேண்டாம்னு சொல்லலை."

"யாருமே சொல்லலை, மேடம்."

"ஒரு இடம். ரெண்டு பேர் சரி." பெருமூச்சு கேட்டது. "நான் குழுவுல பேசணும். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

அன்று இரவு நான் அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கடையில் ஒரு பழைய எஞ்சினை அவசியமே இல்லாமல் முழுக்கப் பிரித்துப் போட்டேன். கிளெமெண்ட் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் அக்காவா இருந்தா கமுக்கமா வாங்கிருப்பேன்" என்றான். "நானும்தான்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஸ்க்ரூக்களைக் கிளறிவிட்டு, "அதான் நம்ம ரெண்டு பேரையும் யாரும் கூப்பிடலை மச்சான்" என்றான். அவன் கையிலிருந்த ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் சபீனாவின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் ஒரு சின்னப் பெண்ணின் குரல், அழுகையும் மூச்சுமாக.

"அக்கா, நான் பெர்லிஸ்லேர்ந்து ஹஸ்லிண்டா. இங்கிலாந்துல அந்த மேடம்கிட்ட உங்க நம்பரைக் கெஞ்சி வாங்கினேன். நான் எங்கக்கா வேண்டாம்னு சொன்னேன்? நான் நூறு தடவை நன்றின்னுல்ல சொன்னேன்!"

"தெரியும்மா. நானும் அப்படித்தான்."

"இன்னிக்குக் காகிதமெல்லாம் அனுப்பிட்டேன். அப்புறந்தான் மேடம் எல்லாத்தையும் சொன்னாங்க. நீங்க மட்டும் சொல்லலைன்னா எனக்குத் தெரியவே தெரியாதுக்கா." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அது உங்க இடம். உங்களுக்கு வயசு முடியப்போகுதாமே. நான் விட்டுக்கொடுத்துடறேன்க்கா. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"அப்ப நீ இப்ப நிஜமாவே பாஸ் அப் பண்றியா?" என்றாள் சபீனா.

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சல் நின்றது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சபீனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு அது. "ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அவங்க முடிவு பண்ணட்டும். நீ மட்டும் அவங்ககிட்ட போன்ல எதையும் சொல்லிவைக்காதே" என்று சொல்லி வைத்தாள். நான் எழுந்துபோய் அவளுக்குத் தேநீர் போட்டேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது. அவள் குடித்தாள்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டோம். எதைப் பற்றிப் பேசினாலும் அந்தக் கல்லூரி இடத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஸ்வெட்டரை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

ஆக்ராய்ட் அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "புதன்கிழமை காகிதம் வந்ததுமே எங்க ஆபீஸ்ல விசா காகிதமெல்லாம் ஹஸ்லிண்டா பேருக்கு அனுப்பிட்டாங்க. அதைத் திருப்ப முடியலை. இந்த வருஷம் அவங்கதான்."

சபீனா கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லது மேடம்" என்றாள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். எனக்குத்தான் அந்த மனசு இல்லை.

"இருங்க, நான் இன்னும் முடிக்கலை. உங்களை இந்த வருஷம் தேர்ந்தெடுத்தது தேர்ந்தெடுத்ததுதான்னு குழு சொல்லிடுச்சு. விண்ணப்பிச்சப்ப உங்க வயசு என்னவோ அதுதான் கணக்கு. அதனால அடுத்த வருஷத்து இடம் உங்களுக்கு. மறுபடி விண்ணப்பம் கிடையாது, நேர்காணல் கிடையாது. ஒரு வருஷம் காத்திருக்கணும், அவ்வளவுதான்."

சபீனா என் சட்டையைப் பிடித்து இழுத்து, கேட்டீங்களா என்று கண்ணாலேயே கேட்டாள்.

"மிஸஸ் சபீனா, உங்க பதில் எனக்கு வேணும்" என்றாள் அந்த அம்மாள். குரலில் சிரிப்பு இருந்தது. "ஒரு சின்ன வேண்டுகோள். வாக்கியமா வேண்டாம். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அர்த்தம் வர்ற ஒரே ஒரு வார்த்தையாச் சொல்லுங்க."

என் மனைவி, ஊரில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், மூச்சை இழுத்துவிட்டு, "யெஸ்" என்றாள்.

கத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தியோங் ஆன்ட்டி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.